ஹவுசிங் போர்டு வீடு: பணம் கட்டியாச்சு, பத்திரம் வரல. தாமதத்தை எப்படிச் சமாளிக்கிறது?



மந்தைவெளியில வாடகைக்கு இருக்கிற ஒரு தம்பதி, ரெண்டு பேருக்கும் தரமணி பக்கம் ஐடி வேலை. ஒரு சனிக்கிழமை நம்ம மயிலாப்பூர் ஆபீசுக்கு வந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒதுக்கீட்டு ஆணை, நாலஞ்சு ரசீது, வங்கி கொடுத்த கடன் அனுமதிக் கடிதம். ஒரு அரசு வீட்டுத் திட்டத்துல குலுக்கல்ல ஃபிளாட் விழுந்திருக்கு. (எந்த அமைப்பு, எந்தத் திட்டம்னு இங்க சொல்லப் போறதில்ல.) விலை 60 லட்சம். சொந்தக் காசு 15 லட்சம் போட்டாச்சு. வங்கி அனுமதிச்ச 45 லட்சத்துல 30 லட்சம் போயாச்சு. கட்டடம் முடிஞ்சு நிக்குது. பக்கத்து ஃபிளாட்டுல பால் காய்ச்சி ஆள் குடியேறியாச்சு. இவங்களுக்கு மட்டும் 9 மாசமா சாவியும் வரல, பத்திரமும் வரல.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் கேட்கறோம் சார். 'ஃபைல் மூவ் ஆகுது, வந்துடும்'னு சொல்றாங்க" என்றார் அவர்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: "ஃபைல் எந்த மேசையில, என்ன காரணத்துக்காக நிக்குதுன்னு யாராவது எழுத்துல சொன்னாங்களா?" ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. 9 மாசத்துல இதை யாரும் கேட்டதே இல்ல.

இன்னைக்குச் சொல்ல வர்றது இதைத்தான். அரசு அமைப்புகிட்ட வீடு வாங்கும்போது தாமதம் வரலாம், அதை முழுசாத் தடுக்க முடியாது. ஆனா அந்தத் தாமதத்துக்கு மாசம் எவ்வளவு விலை கொடுக்கறீங்க, அது எங்க நிக்குது, இந்த ரெண்டையும் முதல் மாசமே கண்டுபிடிச்சுட்டா பாதி நஷ்டம் மிச்சம்.

முதல்ல, அரசு வீடு எப்படிக் கைக்கு வருது?

தி. நகர் பக்கத்துல சி.ஐ.டி. நகர் இருக்கு இல்லையா? அந்த சி.ஐ.டி. என்பது சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். சென்னையில வீட்டு மனைகளையும் குடியிருப்புகளையும் உருவாக்கின பழைய அரசு அமைப்பு. அதோட வேலையைத் தொடர்ந்து எடுத்துக்கிட்டதுதான் 1961-ஆம் வருஷச் சட்டப்படி வந்த வீட்டு வசதி வாரியம், நாம சொல்ற ஹவுசிங் போர்டு. பெசன்ட் நகர், அடையாறு சாஸ்திரி நகர், இந்திரா நகர், கே.கே. நகர், அசோக் நகர்னு தென் சென்னையோட பெரிய பகுதியை உருவாக்கினது இந்த வாரியம்தான். அதனால நீங்க புதுசா ஒதுக்கீடு வாங்கினாலும், பழைய போர்டு ஃபிளாட்டை இன்னொருத்தர்கிட்ட வாங்கினாலும், கீழே சொல்ற வரிசை உங்களுக்குப் பொருந்தும்.

தனியார் பில்டர்கிட்ட வாங்கும்போது ஒரு ஒப்பந்தம், அப்புறம் ஒரு கிரயப் பத்திரம். அரசு வீட்டுல படிகள் கொஞ்சம் அதிகம். விண்ணப்பம், குலுக்கல், ஒதுக்கீட்டு ஆணை, தவணைகள், இறுதி விலை நிர்ணயம், நிலுவை இல்லைன்னு சான்று, சாவி, கடைசியா விற்பனைப் பத்திரம். தவணை முறைத் திட்டமா இருந்தா, நடுவுல 'லீஸ் கம் சேல்' ஒப்பந்தம்னு ஒண்ணு வரும். அதாவது முழுப் பணமும் கட்டி முடிக்கற வரைக்கும் நீங்க குத்தகைதாரர் மாதிரி, முடிச்ச பிறகுதான் விற்பனை.

இதுல நம்ம மக்கள் கவனிக்காம விடற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒதுக்கீட்டு ஆணை கையில இருக்கறதும், சாவி கையில இருக்கறதும், பத்திரம் பதிவானதும் மூணு வெவ்வேறு நிலை. சாவி வாங்கி 20 வருஷம் குடியிருந்தும் விற்பனைப் பத்திரம் வாங்காதவங்க இந்த ஊர்ல இருக்காங்க. அதோட விளைவைக் கடைசியில பார்ப்போம்.

தாமதத்தோட மாச விலை எவ்வளவு?

அந்தத் தம்பதியோட கணக்கையே ரவுண்டா எடுத்துக்குவோம்.

வங்கி கொடுத்த 30 லட்சத்துக்கு 8.5% வட்டி. இஎம்ஐ இன்னும் ஆரம்பிக்கல, வட்டி மட்டும் கட்டறாங்க. இதுக்குப் பேர் ப்ரீ-இஎம்ஐ. மாசம் ரூ.21,250. மந்தைவெளி வீட்டு வாடகை ரூ.22,000. ரெண்டும் சேர்ந்து மாசம் ரூ.43,250 சம்பளத்துல இருந்து வெளிய போகுது.

இப்போ ஒரு முக்கியமான பாகுபாடு. இந்த ரூ.43,250 முழுசும் நஷ்டம் இல்ல. வாடகையும் சேர்த்து, வட்டியும் சேர்த்து 'நஷ்டம்'னு கணக்குப் போட்டா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆகும். அது உங்க மாச பட்ஜெட் மேல இருக்கற அழுத்தம், அவ்வளவுதான்.

உண்மையான நஷ்டத்தைப் பார்க்க இப்படி யோசிங்க: இந்தப் பணத்தை 9 மாசம் கழிச்சே கொடுத்திருந்தா என்ன மிச்சமாகியிருக்கும்? வங்கி வட்டி ரூ.21,250. சொந்தக் காசு 15 லட்சம் 6.5% எஃப்டியில கிடந்திருந்தா மாசம் ரூ.8,125. மொத்தம் மாசம் ரூ.29,375. 9 மாசத்துக்கு ரூ.2,64,375. இதுதான் அவங்க தாமதத்துக்குக் கொடுத்த விலை.

ரெண்டு எண்ணையும் எழுதி வைங்க. முதல் எண்ணை (43,250) ஆறால பெருக்குங்க, கிட்டத்தட்ட 2.6 லட்சம். ஒதுக்கீடு கிடைச்ச நாள்லயே இவ்வளவு தொகை தனியா, எடுக்கற மாதிரி ஒரு கணக்குல இருக்கணும். ரெண்டாவது எண் (29,375), நீங்க யார்கிட்டயாவது நியாயம் கேட்கப் போனா சொல்ல வேண்டிய கணக்கு.

அமெரிக்காவுல ஹட்னு ஒரு மத்திய அரசுத் துறை இருக்கு. கடன் கட்டாததால அரசு கைக்கு வந்த வீடுகளை அது விக்கும். அங்க வாங்கறவர் குறிச்ச தேதிக்குள்ள முடிக்கலைன்னா, 15 நாள் நீட்டிப்பு கேட்டு, நாள் கணக்குல கட்டணம் கட்டணும். தாமதத்தோட விலை முதல் நாளே தாள்ல இருக்கும். நம்ம ஊர்ல யாரும் அப்படி எழுதித் தர மாட்டாங்க. நாமதான் எழுதிக்கணும்.

ஃபைல் எங்க நிக்கும்? வழக்கமா நாலு இடம்

ஒண்ணு, கட்டடமே முடியல. அல்லது முடிஞ்சிருக்கு, ஆனா முடிவுச் சான்று, மின் இணைப்பு, குடிநீர் இணைப்புல ஏதோ பாக்கி. இது முழுக்க விக்கறவங்க பக்கத்துத் தாமதம்.

ரெண்டு, இறுதி விலை முடிவாகல. ஒதுக்கீட்டு ஆணையில 'தற்காலிக விலை'ன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. நிலம் கையகப்படுத்தினதுக்குக் கூடுதல் இழப்பீடு கேட்டு நில உரிமையாளர்கள் போட்ட வழக்கு முடியலைன்னா, நிலத்தோட விலையையே இறுதி பண்ண முடியாம போகலாம். இந்தத் தற்காலிக விலைச் சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. வீட்டு வசதி வாரியத்துக்கும் சீ ஷோர் அப்பார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்கத்துக்கும் நடந்த அந்த வழக்குல 2008-ல தீர்ப்பு வந்தது. அதனால உங்க பட்ஜெட்டை ஆணையில இருக்கற விலையோட நிறுத்திடாதீங்க, மேல கொஞ்சம் இடம் விடுங்க.

மூணு, உங்க பணம் அவங்க கணக்குல சரியா ஏறல. இது ரொம்பச் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நான் பார்த்த வரைக்கும் இதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க.

நாலு, உங்க பக்கம் அல்லது உங்க வங்கி பக்கம். தவணைத் தேதி தவறியிருக்கும், அதுக்கு அபராத வட்டி ஓடிக்கிட்டிருக்கும். கடன் அனுமதி காலாவதி ஆகியிருக்கும். ஆதார்ல ஒரு இனிஷியல், ஒதுக்கீட்டு ஆணையில வேற இனிஷியல்.

இந்த நாலுல எதுன்னு தெரியாம 'எப்போ சார் முடியும்?'னு கேட்டுக்கிட்டே இருந்தா, பதிலும் 'வந்துடும் சார்'னுதான் வரும். கேட்கற கேள்வியை மாத்துங்க.

வாயால கேட்காதீங்க, எழுத்துல கேளுங்க

வீட்டு வசதி வாரியத்துல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரிவு அலுவலகம் இருக்கும். அதோட தலைமையில செயற்பொறியாளர் மற்றும் நிர்வாக அலுவலர் இருப்பார். உங்க கடிதம் அவருக்குப் போகணும். பெரிய இலக்கியம் எல்லாம் வேண்டாம், இது போதும்:

"எனக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பு எண் ___, ஒதுக்கீட்டு ஆணை எண் ___, நாள் ___. இதுவரை நான் செலுத்திய தொகைகளின் பட்டியல், ரசீது நகல்களுடன் இணைத்துள்ளேன். 1) தங்கள் பதிவேட்டின்படி எனது கணக்கு விவர அறிக்கை, 2) நிலுவை இருப்பின் அதன் தொகையும் காரணமும், 3) விற்பனைப் பத்திரம் வழங்க நிலுவையில் உள்ள நடவடிக்கைகள், ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

நேர்ல கொடுத்து, நகல்ல சீலும் தேதியும் வாங்குங்க. முடியலைன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. மின்னஞ்சலும் அனுப்புங்க.

30 நாள்ல பதில் இல்லைன்னா ஆர்டிஐ. கட்டணம் 10 ரூபாய். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள்ள பதில் தரணும். 'ஏன் தாமதம்?'னு கேட்காதீங்க, அது விளக்கம் கேட்கற கேள்வி. 'எனது கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், கோப்பு எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது என்ற விவரம்'னு ஆவணத்தைக் கேளுங்க. பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். இதோட சேர்த்து 1100 என்ற முதல்வர் உதவி எண்ல ஒரு மனு பதிவு பண்ணி எண்ணைக் குறிச்சு வைங்க.

அந்தத் தம்பதி விஷயத்துல என்ன ஆச்சு தெரியுமா? கணக்கு விவர அறிக்கை வந்ததும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுது. வங்கி அனுப்பின மூணாவது தவணையில ஒதுக்கீட்டு எண் குறிப்பிடப்படல. பணம் அங்க போய்ச் சேர்ந்திருக்கு, ஆனா 'யாருடையதுன்னு தெரியாத வரவு'னு தனியாக் கிடக்கு. இவங்க பேர்ல பார்த்தா மூணாவது தவணை பாக்கி, அதுக்கு மாசாமாசம் அபராத வட்டி. அதனால கடைசித் தவணைக்கான கேட்புக் கடிதமே தயாராகல. யாரும் வேணும்னு நிறுத்தி வைக்கல. யாருக்கும் தெரியவே இல்ல.

சட்டம் உங்களுக்கு என்ன கொடுக்குது?

'அரசாங்கத்துகிட்ட போய் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?'ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. முடியும்.

1993-ல லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: அரசு வீட்டு அமைப்புகள் வீடு கட்டிக் கொடுக்கறதும் நுகர்வோர் சட்டத்துல வர்ற சேவைதான். தாமதம் சேவைக் குறைபாடு. நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம். பொதுவா 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும்.

அடுத்து ரெரா, 2016 சட்டம். இதுல 'புரமோட்டர்' என்ற வரையறைக்குள்ள தனியார் பில்டர் மட்டும் இல்ல, விற்பனைக்கு வீடு கட்டற வளர்ச்சி ஆணையங்களும் பொது அமைப்புகளும் வருது. பிரிவு 18 படி, ஒப்பந்தத்துல சொன்ன தேதிக்குள்ள வீட்டை ஒப்படைக்கலைன்னா உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, விலகிக்கிட்டு வட்டியோட பணத்தைத் திரும்ப வாங்கறது. இல்ல, வீடுதான் வேணும்னா, ஒப்படைக்கற வரைக்கும் ஒவ்வொரு மாசத் தாமதத்துக்கும் வட்டி. தமிழ்நாட்டு விதிப்படி அந்த வட்டி, எஸ்பிஐ வங்கியோட உச்ச எம்சிஎல்ஆர் கூட 2%. உதாரணத்துக்கு மொத்தம் 10.5%னு வச்சுக்கிட்டா, கட்டின 45 லட்சத்துக்கு மாசம் ரூ.39,375. மேல போட்ட ரூ.29,375 நஷ்டத்தை விட அதிகம். பிரிவு 17 படி, முடிவுச் சான்று கிடைச்ச 3 மாசத்துக்குள்ள பத்திரம் முடிச்சுத் தரணும். ஆணையம் எழும்பூர்ல இருக்கு.

ஆனா ஒரு எச்சரிக்கை. அதே சட்டம், தவணையைத் தாமதமாக் கட்டினா நீங்களும் வட்டி கட்டணும்னு சொல்லுது. அதனாலதான் முதல்ல உங்க கணக்கைச் சரி பார்க்கச் சொல்றேன். உங்க பக்கம் சுத்தமா இருந்தாத்தான் இந்தக் கதவைத் தட்டணும். எல்லாத்துக்கும் வழக்குதான் வழின்னும் நான் சொல்ல மாட்டேன். காரணம் மூணாவது இடத்துல இருந்தா கடிதமே போதும்.

வங்கிகிட்ட செய்ய வேண்டியது

கடன் அனுமதிக் கடிதத்துக்கு ஆயுசு உண்டு. வங்கிக்கு வங்கி மாறும், கடிதத்துலயே இருக்கும். அது முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நீட்டிப்பு கேளுங்க. காலாவதி ஆனா திரும்ப சம்பளச் சீட்டு, சிபில், சில சமயம் புது வட்டி விகிதம், திரும்பவும் கட்டணம்.

பணத்தைக் கேட்புக் கடிதம் வந்த பிறகு மட்டும் விடுவிக்கச் சொல்லுங்க. சில கிளையில 'இப்பவே முழுசா எடுத்துடுங்க'ன்னு சொல்லுவாங்க. 45 லட்சமும் வெளிய போயிருந்தா மாச வட்டி 21,250 இல்ல, 31,875. ஒவ்வொரு தடவை பணம் போகும்போதும் ஒதுக்கீட்டு எண்ணும் உங்க பேரும் குறிப்புல இருக்கான்னு பார்த்து, பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கோங்க. மறுநாளே அதை விக்கற அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்ல அனுப்பிடுங்க.

காத்திருக்கற காலத்துல கார் லோன், ஃபோன் இஎம்ஐ, புதுசா கிரெடிட் கார்டு எதுவும் வேண்டாம். கடைசித் தவணை விடுவிக்கறதுக்கு முன்னாடி வங்கி திரும்ப சிபில் பார்க்கலாம்.

வரியில எங்க அடிபடும்?

இது என் ஏரியா, கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷப் புதுச் சட்டம், அதனால எண்கள் மாறும்.

குடியிருக்கற வீட்டுக் கடனோட வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும் கழிவு, பிரிவு 24(பி). இது பழைய வரிமுறையில இருக்கறவங்களுக்கு மட்டும். புதிய வரிமுறையில சொந்தமாக் குடியிருக்கற வீட்டுக்கு இந்தக் கழிவு இல்ல. அசலுக்கும் பதிவுச் செலவுக்கும் 80சி-யில கிடைக்கற 1.5 லட்சமும் பழைய முறையிலதான்.

வீடு முடியறதுக்கு முன்னாடி கட்டின வட்டியை அந்தந்த வருஷம் கழிக்க முடியாது. சேர்த்து வச்சு, வீடு முடிஞ்ச வருஷத்துல இருந்து 5 சம பங்காக் கழிக்கலாம். ஆனா அதுவும் அந்த 2 லட்ச உச்சவரம்புக்குள்ளதான்.

இதுல ஒளிஞ்சிருக்கற பொறி மார்ச் 31. வீடு மார்ச் 30-ல முடிஞ்சு கைக்கு வந்தா, அந்த நிதியாண்டு முழுசும் கட்டின வட்டிக்கு அந்த வருஷமே கழிவு. ஏப்ரல் 2-ல வந்தா, அந்த வட்டி 5 பங்குக் கணக்குக்குப் போயிடும். 45 லட்சக் கடனுக்கு வருஷ வட்டியே 3.8 லட்சம். ஒருத்தர் பேர்லயே கடன் இருந்தா 2 லட்ச வரம்பு ஏற்கெனவே நிரம்பியாச்சு, அஞ்சுல ஒரு பங்குக்கு அங்க இடமே இல்ல. 30% வரி வரம்புல இருக்கறவருக்கு செஸ் சேர்த்து ரூ.62,400 போச்சு, மூணு நாள் வித்தியாசத்துல. அதனால பிப்ரவரி, மார்ச்ல வேலை முடியற நிலையில இருந்தா, அந்த மாசம் லீவு போட்டாவது பின்னாடி நில்லுங்க.

இன்னொரு கெடு. கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள வீடு முடியலைன்னா, 2 லட்சம் வரம்பு 30,000-ஆ சுருங்கிடும். 2022-23-ல கடன் வாங்கியிருந்தா உங்க கெடு 2028 மார்ச் 31.

அப்பா அம்மா ஊர்ல வீட்டை வித்து, அந்த லாபத்தை அரசு ஃபிளாட்டுல போட்டிருந்தா ஒரு நல்ல செய்தி. பிரிவு 54 படி வாங்கறதுக்கு 2 வருஷம், கட்டறதுக்கு 3 வருஷம் அவகாசம். டெல்லி வளர்ச்சி ஆணையத்தோட சுயநிதித் திட்ட ஒதுக்கீட்டை 'கட்டறது'ன்னு எடுத்துக்கலாம்னு மத்திய நேரடி வரிகள் வாரியம் 1986-ல சுற்றறிக்கை 471-ல சொல்லிச்சு. 1993-ல சுற்றறிக்கை 672, அதே மாதிரித் திட்டம் வச்சிருக்கற மத்த அமைப்புகளுக்கும் அதை விரிவாக்கிச்சு. திட்டத்தோட நிபந்தனை ஒத்துப் போகுதான்னு உங்க ஆடிட்டர்கிட்ட காட்டிக்கோங்க.

பதிவுச் செலவும் தாமதத்துல மாறும். தமிழ்நாட்டுல பதிவுக் கட்டணம் 2017 ஜூன்ல 1%-ல இருந்து 4% ஆச்சு, 2023 ஏப்ரல்ல 2% ஆச்சு. முத்திரைத் தீர்வை 7% தனி. புது அடுக்குமாடிக்கு 2023 டிசம்பர்ல இருந்து சலுகை விகிதம் இருக்கு. பணம் கட்டின நாள்ல இருந்த விகிதம் உங்களுக்குக் கிடைக்காது, பத்திரம் போடற நாள் விகிதம்தான். 60 லட்சத்துக்கு 1% என்பது 60,000 ரூபாய், அதனால இந்தத் தொகையையும் கொஞ்சம் தாராளமாவே ஒதுக்குங்க.

பழைய போர்டு ஃபிளாட் வாங்கறவங்களுக்கு

பெசன்ட் நகர்லயோ அசோக் நகர்லயோ பழைய போர்டு ஃபிளாட் சுத்தி இருக்கற விலையை விடக் குறைவா வருதுன்னா, முதல் கேள்வி: "வாரியத்துகிட்ட இருந்து உங்க பேருக்கு விற்பனைப் பத்திரம் பதிவாயிருக்கா?"

'இல்ல தம்பி, ஆனா நாங்க 25 வருஷமா இருக்கோம். பவர் எழுதித் தர்றோம், நீங்க அப்புறமா போர்டுல வாங்கிக்கோங்க'ன்னு சொன்னா அங்கயே நில்லுங்க. பொது அதிகார ஆவணம், விற்பனை ஒப்பந்தம், உயில் இதை வச்சு சொத்தை மாத்தற பழக்கம் உரிமையைக் கொடுக்காதுன்னு 2011-ல சூரஜ் லேம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பவர் கொடுத்தவர் இறந்துட்டா பவரும் பொதுவா முடிஞ்சுடும். அப்புறம் வாரிசுகள் ஒவ்வொருத்தரா வருவாங்க.

சரியான வரிசை இது. ஒதுக்கீடு பெற்றவர், அவர் இல்லைன்னா வாரிசுச் சான்றிதழோட எல்லா வாரிசுகளும், முதல்ல வாரியத்துல நிலுவையை முடிச்சு அவங்க பேர்ல பத்திரம் வாங்கணும். நிலுவைக்கு வட்டித் தள்ளுபடி ஏதாவது அமல்ல இருக்கான்னும் கேளுங்க, அரசு அவ்வப்போது அறிவிக்கும். அதுக்கப்புறம் உங்களுக்கு விற்பனை. நடுவுல உங்களைக் கட்டிப் போட ஒரு ஒப்பந்தம் வேணும்னா பதிவு பண்ணுங்க. முன்பணம் 10%-க்கு மேல வேண்டாம். 'இந்தத் தேதிக்குள்ள வாரியப் பத்திரம் வரலைன்னா முன்பணம் திரும்பத் தரணும்'னு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா 1% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும், மறந்துடாதீங்க.

அந்தத் தம்பதி என்ன ஆனாங்க?

ரசீதுகளையும் வங்கி அறிக்கையையும் வச்சு ஒரு பக்கத்துல ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டோம்: தேதி, தொகை, பரிவர்த்தனை எண், அவங்க பதிவேட்டுல இருக்கா இல்லையா. வங்கிகிட்ட இருந்து 'இந்தத் தொகை இந்த ஒதுக்கீட்டுக்காக அனுப்பப்பட்டது'ன்னு ஒரு கடிதம். ரெண்டையும் கொடுத்த அஞ்சாவது வாரம் கடைசித் தவணைக் கடிதம் வந்துச்சு. அபராத வட்டியில பெரும்பகுதி நீங்கிடுச்சு. நஷ்ட ஈடு எதுவும் வரல, கேட்கவும் இல்ல. தப்பு வங்கி அனுப்பின விதத்துல இருந்துச்சு, அதைக் கவனிக்காம விட்டது இவங்க. போன 2.64 லட்சம் போனதுதான்.

பத்திரம் பதிவான அன்னைக்கு அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணினாங்க. "சார், திங்கட்கிழமை ஆனா எங்க போறதுன்னு தெரியல" என்று சிரிச்சாங்க.

நீங்க இப்போ காத்துக்கிட்டு இருக்கீங்கன்னா இந்த வாரமே இந்த அஞ்சையும் செய்ங்க:

1. உங்க மாச அழுத்தம் எவ்வளவு, மாச நஷ்டம் எவ்வளவு, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதுங்க.
2. கட்டின ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கான்னு பாருங்க.
3. கணக்கு விவர அறிக்கை கேட்டு எழுத்துல கடிதம் கொடுங்க, சீல் வாங்குங்க.
4. கடன் அனுமதி எந்தத் தேதியில முடியுதுன்னு பார்த்து ஃபோன்ல அலாரம் வைங்க.
5. சாவி கைக்கு வர்ற வரைக்கும் வாடகை வீட்டுக்காரர்கிட்ட 'காலி பண்றோம்'னு சொல்லாதீங்க.

திங்கட்கிழமை போறதா இருந்தா போங்க. கையில கடிதத்தோட போங்க.